நாலு மணித் தகவல்

"ஆரஞ்சு ஒரே புளிப்பாம் கண்ணு. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே தின்னேன்னாரு."

தொலைபேசியில் தையல்காரம்மா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் ஒரு நிமிடம் நின்று, மறுபடி தடதடவென்று கிளம்பியது. இந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடும் பெண், பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ஆரஞ்சை அம்மாவின் புருஷனான பஸ் டிரைவருக்குக் கொடுத்தவளே அவள்தான். வாயால் கொடுத்தாள். நிஜத்தில் அப்படி ஒரு பழம் அவர் படுத்திருந்த வார்டுக்குள் போகவே இல்லை.

"யாரும்மா உங்ககிட்ட சொன்னது?"

"அவரேதான். காலைல போன் பண்ணாரே. குரல்தான் ரொம்ப அடியிலேர்ந்து கேக்குது. பாவம், தெம்பு வரணும்ல."

ரேடியோ என்பது அவள் பெயரல்ல. மூச்சு விடாமல் பேசுகிறாள் என்று பில் கவுன்ட்டரில் கூட இருந்தவர்கள் வைத்தது. தொற்று வந்து, வார்டுக்குள் சொந்தக்காரர்கள் யாரும் வரக்கூடாது என்று ஆனபோது, தினமும் நாலு மணிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தகவல் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. "உன் வாய்க்கு ஏத்த வேலை" என்று நிர்வாகி அவளைக் கொண்டுவந்து இந்த அறையில் போட்டார். முன்பு இது கைகால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை. நடை பழகும் இரட்டைக் கம்பிகள் இன்னும் தரையில் பதிந்திருந்தன. ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி; அதன் எதிரில்தான் அவள் மேஜை. முதுகுக்குப் பின்னால் வார்டுக்குப் போகும் கண்ணாடிக் கதவு, அரக்கு வைத்த மாதிரி டேப் ஒட்டி மூடப்பட்டது. உள்ளேயிருந்து ஒரு காகிதம்கூட வெளியே வரக்கூடாது என்பது விதி. அதனால் மூன்றரை மணிக்குப் பெரிய நர்ஸ் உடம்பு முழுக்கக் கவச உடையோடு வந்து, உறை போட்ட விரலால் தொப் தொப் என்று தட்டி, அன்றைய பட்டியலைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடிப்பாள். ரேடியோ திரும்பி அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்வாள். படுக்கை எண், ஆக்சிஜன், சாப்பாடு, நிலை. நாலு கட்டம். எண்பத்து மூன்று வரி.

வரி மீது கோடு போட்டிருந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. "டாக்டர் கூப்பிடுவார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் அந்த இரண்டு வார்த்தையின் பொருள் தெரிந்துபோயிற்று. அதைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் எழும் ஓலத்தைக் காதில் வாங்கிக்கொண்டே அவள் அடுத்த எண்ணைச் சுழற்ற வேண்டும்.

திங்கட்கிழமை பதினேழாம் வரியில் கோடு இருந்தது. பஸ் டிரைவர், ஐம்பத்தெட்டு வயது. அவள் கூப்பிடும் முன்பே தையல்காரம்மா கூப்பிட்டுவிட்டார். அவருக்கும் தொற்று, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, பிள்ளை குட்டி இல்லை, தனியாக உட்கார்ந்து முகக்கவசம் தைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் ஒரே கேள்வி. "இன்னிக்கு எப்படி இருக்காரு?"

ரேடியோ அதற்குள் ஆறு ஓலம் கேட்டாயிற்று. ஏழாவதைத் தாங்க முடியாது என்று மனசு கெஞ்சியது. டாக்டர்தான் சாயங்காலம் சொல்லப் போகிறாரே, அதுவரைக்கும் இந்த அம்மா இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். "நல்லா இருக்கார்மா. எழுந்து உக்காந்தார். ஒரு ஆரஞ்சை அவரே உரிச்சுச் சாப்பிட்டார்."

"தோலை அறுபடாம ஒரே சுருளா உரிச்சிருப்பாரே! அதுல அவருக்கு ஒரு பெருமை" என்றார் தையல்காரம்மா. அழுதுகொண்டே சொன்னார்.

டாக்டர் அன்று சாயங்காலம் யாரையும் கூப்பிடவில்லை. அவருக்கே காய்ச்சல் வந்து, மேல்மாடியில் ஒரு படுக்கையில் கிடந்தார். சொல்ல வேண்டியவர்களின் பெயரை எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விட்டது. டிரைவர் பிணங்களை வைக்கும் குளிர் அறையில் எண்ணோடு கிடந்தார். கேட்டு வர ஆளில்லை.

இதெல்லாம் ரேடியோவுக்குச் செவ்வாயன்றுதான் தெரிந்தது. அவள் பெரிய நர்ஸிடம் கண்ணாடி வழியாகக் கத்திச் சொன்னாள். "புது டாக்டர் வரட்டும். நீ வாயைத் திறந்து வம்புல மாட்டிக்காத" என்று பதில் வந்தது. செவ்வாயும் அந்த அம்மாவிடம் பொய். புதன்கிழமைதான் இந்த ஆரஞ்சுப் புளிப்புப் பேச்சு.

ரிசீவரை வைத்தவுடன் அவள் அறை மூலையிலிருந்த பச்சை அலமாரியைத் திறந்தாள். போனவர்களின் பொருள்களை மருந்தடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் எழுதி அதில்தான் வைத்திருந்தார்கள். இரண்டாவது தட்டில் பதினேழு. மூக்குக் கண்ணாடி, சீப்பு, சிவப்புக் கயிறு கட்டிய வீட்டுச் சாவி, செல்போன். செல்போன் செத்துக் கிடந்தது. பையின் வாயில் ஒட்டிய டேப் பிரியவில்லை. உள்பக்கம் மட்டும் லேசாகப் பனித்திருந்தது, யாரோ மூச்சு விட்ட மாதிரி.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல், ஏதோ கனவு கண்டிருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம்தான். ஆனால் பினாயில் நெடிக்கு அடியில், மெல்லியதாக, இனிப்பும் கசப்புமாக ஒரு வாசனை இருந்தது. யாரோ பக்கத்து அறையில் பழம் உரிக்கிறார்கள். பக்கத்து அறையோ மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது.

வியாழனன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே தீர்மானம் செய்துகொண்டு வந்தாள். புது டாக்டரைத் தேடிப் பிடித்தாள். அவர் இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு, "சரி, சரி, நானே பேசறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். நாலு மணிக்குப் போன் மணி அடித்தது. எடுத்ததுமே மெஷின் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு எப்படி இருக்காரு?"

"அம்மா... டாக்டர்..." 

மெஷின் நின்றது. அந்த முனையில் மூச்சுகூட நின்றது. அடுத்து வரப்போகும் ஓலத்துக்கு அவள் முந்திக்கொண்டாள். "டாக்டர் பார்த்துட்டுப் போனார்மா. ஜன்னல் வரைக்கும் நடந்தார்." நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. பேசிப் பேசியே பிழைத்த நாக்கு. அதற்கு வேறு எதுவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியலைப் பிடிக்க வந்த பெரிய நர்ஸ் உடனே போகாமல் நின்றாள். கண்ணாடிக்கு வாயைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"பதினேழுல ஒரு புது ஆளைப் போட்டோம். வேற எடம் வேணும்னு ஒரே அடம். கட்டில் ஓரத்துல யாரோ வந்து உக்கார்றாங்களாம். அப்புறம் எழுந்து ஜன்னல் வரைக்கும் போறாங்களாம். திரும்பி வர்றாங்களாம். மூச்சு முட்டினா மூளை இப்படித்தான் கோளாறு பண்ணும். ஆனா இவரு ஜன்னல்னு எப்படிச் சொல்றாரு? படுத்தா அங்கேர்ந்து ஜன்னல் தெரியாதே."

ரேடியோ செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். படம் கலங்கலாக விழுந்தது. மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

அன்று தையல்காரம்மாவின் குரலில் தெம்பு கூடியிருந்தது. இருமல் குறைந்திருந்தது. "ஜன்னல்லேர்ந்து ஆம்புலன்ஸ் வரிசையா தெரியுதாம். காலெல்லாம் ஜில்லுனு இருக்காம். எப்ப வீட்டுக்கு விடுவாங்கன்னு கேட்டா, அந்தப் பொண்ணு சொன்னாத்தான்னு சொல்றாரு. நீ சொன்னாத்தான் அவரால எதுவும் செய்ய முடியுதாம். சொல்லேன் கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லக் கூடாது. ரேடியோவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அதில் உதடுகள் அசைந்தன.

"நாளைக்கு வந்துடுவார்மா."

அன்றிரவு அவள் சோற்றில் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவளே கூப்பிட்டாள். டாக்டர் பேசவில்லை, பேசப் போவதும் இல்லை. வேலை போனால் போகட்டும். அந்த அம்மாவுக்குப் புருஷனை வழியனுப்பும் உரிமை இருக்கிறது. அதை ஆறு நாளாகத் திருடி வைத்திருக்கிறோம் என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

மெஷின் சத்தம் இல்லை.

"வந்துட்டாரு" என்றார் தையல்காரம்மா. ரகசியம் பேசுகிற குரல். "வாசல்ல நிக்கறாரு. நடந்தே வந்தாராம். கதவைத் தட்டறாரு. திறக்கட்டுமா?"

"அம்மா, திறக்காதீங்க."

"சாவி இருக்குமேன்னு கேட்டேன். உங்க பச்சை அலமாரியில, ரெண்டாவது தட்டுல இருக்காம். சிவப்புக் கயிறு கட்டினது."

ரேடியோ அலமாரியைப் பார்த்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா. நான் சொல்றதைக் கேளுங்க. உங்க வீட்டுக்காரர் திங்கட்கிழமையே போயிட்டார். நான் சொன்னது அத்தனையும் பொய். ஆரஞ்சு, நடந்தது, எல்லாமே. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், என்னை மன்னிச்சிடுங்க. அந்தக் கதவைத் திறக்காதீங்க."

தொலைவில், அந்த வீட்டில், கதவு மரத்தின் மேல் ஏதோ மெதுவாக உரசும் சத்தம். அழுகை வரும் என்று ரேடியோ காத்திருந்தாள். அது வந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்படியா" என்றார் தையல்காரம்மா. "இரு, அவருகிட்ட சொல்லிடறேன்."

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் ஒலி. செருப்பில்லாத காலடிகள். அப்புறம் முணுமுணுப்பு. ஒரு குரல் தையல்காரம்மாவுடையது. இன்னொன்று குரல்தானா என்று தெரியவில்லை. ரொம்ப அடியிலிருந்து வந்தது. காலடிகள் திரும்பி வந்தன.

"சொல்லிட்டேன் கண்ணு. தட்டறதை நிறுத்தினாரு. அப்புறம், சாவியை வாங்கிட்டு, அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்னு கிளம்பிட்டாரு."

இணைப்பு அறுந்தது.

அவள் கணக்குப் போட்டாள். அந்த வீட்டிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். முக்கால் மணி தாராளம். சாவியை எடுக்கலாம். டாக்டரிடம் ஓடலாம். நிர்வாகியின் காலில் விழலாம். யாராவது ஒரு மனுஷ முகத்தைப் பார்க்கலாம். ஜன்னலில் இன்னும் பளிச்சென்று வெயில். வெளியே ஆம்புலன்ஸ் டிரைவர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

டக். டக்.

முதுகுக்குப் பின்னால். கண்ணாடிக் கதவில்.

உறை போட்ட விரல் தொப் தொப் என்றுதான் தட்டும். இது நகம்.

அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் அவள் முகம். அவள் தோளுக்கு மேலே கதவு. கதவில் ஒட்டினாற்போல் ஒரு பட்டியல்.

ஒரே ஒரு வரி. பதினேழு. மேலே போட்ட கோடு இல்லை. சுரண்டி எடுத்த தடம் மட்டும் இருந்தது. நிலை என்ற கட்டம் காலி.

காகிதத்தின் இரு ஓரத்திலும் விரல்கள். உறை இல்லை. சாம்பல் நிறம். நகங்களின் இடுக்கில் மஞ்சளாகப் பழத்தோல். ஒரு விரலைச் சுற்றி, அறுபடாமல், ஒரே சுருளாக, ஆரஞ்சுத் தோல் தொங்கியது. அது மெல்ல ஆடியது.

காகிதத்துக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி பனித்திருந்தது. பனி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

மேஜையில் மணி அடித்தது.

எடுக்கக் கூடாது. கை தானாகப் போய் எடுத்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தடதட. தடதட. நின்றது.

"கண்ணு" என்றார் தையல்காரம்மா, ஆசையாக. "வந்து சேர்ந்தாரா? இன்னிக்கு எப்படி இருக்காரு?"

நகம் கண்ணாடியை ஒருமுறை தட்டியது. காலிக் கட்டத்துக்கு நேராக.

கண்ணாடியில் அவள் உதடுகள் பிரிந்தன.