கல் வைக்காத வீடு

படத்தில் கட்டில் தப்பான பக்கத்தில் கிடந்தது.

ஜூனியா கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தாள். ஜன்னலை ஒட்டிக் கிடக்க வேண்டிய கட்டில் அறையின் குறுக்கே கோணலாகக் கிடந்தது. துணி அலமாரி கதவைப் பாதி மறித்து நின்றது. அப்பாவின் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, யாரோ அதற்குத் தண்டனை கொடுத்த மாதிரி. அவள் பிறந்து வளர்ந்த அறைதான், ஆனால் மனசுக்கு ஒட்டவே இல்லை.

டொரண்டோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் அப்பா இறந்ததிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஊசியை யாருக்கோ மாற்றிப் போடப் போய், கூட இருந்த நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்த பிறகுதான் லீவு எழுதிக் கொடுத்தாள். கரீபியன் கடலில் இருக்கும் சொந்த ஊர், பெட்டிபெல் தீவுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு ரோடு, இரண்டு கடை, அதற்குமேல் சத்தமில்லாத ஊர். அப்பாவின் வீட்டில், அந்த ஜன்னலடியில், கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். இதைத்தான் வாரக்கணக்காகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயும் தூக்கம் வராவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவே பயந்தாள்.

படத்தை அனுப்பியவன், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அத்தை மகன் ஆல்ஸ்டன். அவனைக் கூப்பிட்டாள்.

"என்ன ஆல்ஸ்டன், வீட்டைக் குடோன் மாதிரி போட்டு வச்சிருக்க?"

"மாமா செத்த அன்னிக்கே திருப்பி வச்சதுதான். வந்து பாத்தா தன்னோட ரூம்னு அவருக்குத் தெரியக் கூடாதுல்ல? அதையும் கனடாப் பனியில தொலைச்சிட்டியா?"

"அது செத்து ஒம்பது ராத்திரிக்குத்தானே!"

"நம்ம வீட்டுல சமாதிக்குக் கல்லு வைக்கிற வரைக்கும், பொண்ணே. அவரு தலைமாட்டுல இன்னும் வெறும் மண்ணுதான் கிடக்கு. கல்லு நட்டு, ஆடு வெட்டி, ஊருக்குச் சோறு போட்டு, 'இனிமே படு'ன்னு சொன்னாத்தானே மனுஷன் படுப்பாரு? நீ வரணும்னுதான் எல்லாரும் காத்துக் கிடக்கோம்."

"அடுத்த வருஷம் பாக்கலாம். நான் இப்பத் தூங்குறதுக்கு வர்றேன்."

"நல்லாத் தூங்கு. கட்டிலைத் தொடாம தூங்கு. என் கை அதுமேல படாது."

அவன் கை படாவிட்டால் என்ன, புருஷன் இருக்கிறானே. கெஸ்டர் டொரண்டோவிலேயே பிறந்தவன், தீவின் சங்கதி எதுவும் தெரியாது. வீட்டைச் சரிபண்ணி வைக்க முன்னாடியே கிளம்பினான். கட்டில் எங்கே, நாற்காலி எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினாள். ஆல்ஸ்டன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், சிரித்தால் அவளுக்குக் கோபம் வரும்.

அவன் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டான். வேர்த்து விறுவிறுத்துப்போய் அறையைச் சுற்றிக் காட்டினான். ஜன்னலடியில் கட்டில். மூலையில் அலமாரி. நாற்காலி வாசலைப் பார்த்து. அப்படியே, அச்சாக, அப்பா இருந்தபோது இருந்த அறை. ஜூனியாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஒத்தை ஆளா நகத்தினேன், மேடம். முதுகு போச்சு."

"வந்து பிடிச்சு விடறேன், போ."

"அதுவரைக்கும் உங்கப்பா கட்டில்லயே சாயறேன்."

போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தான். பேச்சின் நடுவிலேயே குறட்டை விட்டான். அவள் துண்டிக்கவில்லை. கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்காகவே போனைத் திறந்து வைத்தபடி பெட்டியில் துணி அடுக்கினாள்.

வெகுநேரம் கழித்து வாசம் வந்தது. அப்பா பூசிக்கொள்ளும் பே ரம் தைலமும் அவர் சுருட்டுப் புகையும் ஈரச் சணல் கயிறும் கலந்த வாசம், பனிக்காக இறுக்கி மூடிய வீட்டுக்குள், அடுக்கிக்கொண்டிருந்த துணிக்குள்ளிருந்தே கிளம்புவது போல. சட்டையை மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான். கையை மோந்தாள். தலையைத் தூக்கினாள்.

போனில் கடல் இரைச்சல் நின்றிருந்தது. கெஸ்டரின் குறட்டை மட்டும் தனியாகக் கேட்டது. அதற்கு அப்பால், கூடத்தில், யாரோ காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிதானமாக. முதலில் ஒரு கால். பிறகு இன்னொரு கால்.

"கெஸ்டர்?"

திரையில் அறைக் கதவு திறந்தது. முதலில் தெரிந்தது முதுகு. ராத்திரியில் வீடு திரும்பும்போது தீவின் பழைய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான், கெட்டது எதுவும் பின்னால் தொற்றி வராதபடி, வாசலைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நுழைவார்கள். புதைத்தபோது போட்டிருந்த கறுப்புக் கோட்டு. முதுகெல்லாம் மண். பின்பக்கமாகவே ஓரடி. இன்னோரடி. தடவவில்லை. தயங்கவில்லை. எது எங்கே இருக்கிறதென்று தெரிந்த நடை.

"கெஸ்டர்! எழுந்திரு! கெஸ்டர்!"

அவன் புரண்டான். எழவில்லை.

வீட்டு போனை எடுத்து ஆல்ஸ்டனைக் கூப்பிட்டாள்.

"ஓடு ஆல்ஸ்டன்! வீட்டுக்கு ஓடு! அப்பா... அப்பா உள்ள..."

அந்தப் பக்கம் ஆல்ஸ்டன் கதவைத் திறக்கும் சத்தம்.

"கட்டிலைத் திருப்பினது யாரு?"

"நான்தான். நான்தான் திருப்பச் சொன்னேன்! ஓடேன்!"

ஆல்ஸ்டன் ஓடுவது கேட்டது. அவன் வீடு ரோட்டின் அடுத்த கோடியில்.

கட்டில் கிறீச்சிட்டது. முதுகு உட்கார்ந்தது. மெத்தை அமுங்கியது. கெஸ்டர் தூக்கத்திலேயே நகர்ந்து இடம் விட்டான், பழகிய ஆளுக்கு விடுகிற மாதிரி. முதுகு சாய்ந்தது. ஒரு கை போர்வையை இழுத்தது. தன்மேல். அவன்மேல். இரண்டு தலைக்கும் மேலே. ஓரங்களை ஒழுங்காகச் செருகியது.

ஒரே போர்வைக்கு அடியில் இரண்டு மேடு. ஒன்று மட்டும் ஏறி இறங்கியது.

ஏறி இறங்கியது.

ஏறியது.

இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

"கெஸ்டர்," என்றாள்.

போர்வை ஓரத்திலிருந்து மண் படிந்த கை மெல்ல வெளியே வந்தது. கட்டிலில் மிச்சமிருந்த இடத்தைத் தடவிச் சமமாக்கியது. பிறகு தட்டத் தொடங்கியது, குழந்தையைப் படுக்கக் கூப்பிடுகிறவர் தட்டுவது போல, மெதுவாக, தட், தட், தட்.