அமர்ந்திருந்தவர்கள்

எலியாசர்விளை ஆலயத்துக்குள் எவரும் எவரைப் பற்றியும் 'எங்கே' என்று கேட்பதில்லை. அந்த ஒழுங்கு எங்கும் எழுதப்படவில்லை. ஞாயிறு பள்ளிப் பாடத்தில் இல்லை, சபைக் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்திலும் இல்லை. ஆயினும் செருப்பை வாசலில் கழற்றுகிற அதே பழக்கத்தோடு எல்லாரும் அந்தக் கேள்வியையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

கெட்சியாள் ஞாயிறுதோறும் ஆறு மணிக்கே வந்துவிடுவாள். கோயிலைத் திறப்பதும் துடைப்பதும் மணியடிப்பதும் அவள் வேலை. கடல் இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்த பிறகு காற்றில் உப்பு கூடிவிட்டது. ஆகவே முதல் காரியமாக, உத்திரங்களில் வரிசையாகப் பொருத்தியிருந்த நாற்பது ஒளிவீசிகளின் கண்ணாடிகளையும் நீளக் கம்பில் கட்டிய மெல்லிய துணியால் துடைப்பாள். அதன் பிறகு பெஞ்சுகள். ஆள் உட்காராத பெஞ்சில்தான் தூசி அதிகம் படியும். எந்தப் பெஞ்சில் எவ்வளவு படியும் என்பது அவளுடைய கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததை வாய்வரைக்கும் வரவிடாமல் இருக்க அவள் பழகியிருந்தாள்.

ஏழரைக்கு முதல் மணி. மேற்கு வாசலை ஒட்டிக் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் தொங்கும் கயிற்றை அவள் இழுத்ததும் ஒளிவீசிகள் விழித்துக்கொள்ளும். பெஞ்சுகளில் சபையார் தோன்றுவார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள், முக்காடிட்ட சேலைத் தலைப்புகள், மடியில் பாட்டுப் புத்தகங்கள். குருவானவரையும் நேரில் நடந்து வருகிறவர்களையும் சேர்த்துத் தொண்ணூற்றாறு பேர். இரண்டாம் மணிக்கு அத்தனை பேரும் ஒருசேர எழுந்து பவனிப் பாட்டைத் தொடங்குவார்கள். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்ற பழைய பிரிவை ஒளிவீசிகளின் வசதிக்காக என்றோ கைவிட்டாயிற்று. குடும்பம் குடும்பமாக அமர்த்துவது இயந்திரத்துக்கு எளிது.

இப்படி ஒளியில் தோன்றுகிற உருவங்களுக்குத் திருமண்டல நிர்வாகம் 'இருப்புரு' என்று பெயர் வைத்திருந்தது. ஊரில் பிள்ளைகள் இருந்த காலத்தில் பிள்ளைகள் அதை 'ஹோலோ' என்றார்கள். தொடக்கத்தில் அது நல்ல ஏற்பாடாகவே இருந்தது. கடல் உள்ளே வந்ததும் ஊர் கலைந்தது; வடதுருவத் துறைமுகங்களுக்கும் மலை நகரங்களுக்கும் போனவர்கள், எங்கிருந்தாலும் ஞாயிறு காலையில் தங்கள் ஆலயத்தில் உட்கார ஆசைப்பட்டார்கள். தூர தேசத்தில் இருப்பவருக்கு ஞாயிறு காலை எப்போதும் ஓய்வாகக் கிடைப்பதில்லை. ஆகவே 'பழக்கப்பதிவு' வந்தது. ஒருவர் பாடும் விதம், தலையசைப்பு, இருமல், ஆமென் சொல்வதில் வரும் தாமதம் ஆகிய அனைத்தையும் இருப்புரு கற்றுக்கொண்டு, உரியவர் உறங்கினாலும் அவருக்காக வந்து அமர்ந்தது. உரியவர் விழிக்கவே மாட்டார் என்ற நிலை வந்தபோதும் அது அமர்ந்தது. நிறுத்தச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. அந்த நிலைக்கு 'நிலைமாற்றம்' என்று ஒரு மெல்லிய சொல்லும் கிடைத்தது. பதினொரு ஆண்டுகளாக எலியாசர்விளையில் துக்கமணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாத மேடுகள் கூடிக்கொண்டிருந்தன. அந்த வழியாகப் போகிறவர்கள் கடலைப் பார்த்தபடி நடந்தார்கள்.

கெட்சியாளின் கணவர் ஞானாபரணம் சென்ற ஆண்டு இதே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டார். நகராட்சி வண்டி வந்தது, இயந்திரம் குழி தோண்டியது, முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மணியில்லை, ஜெபமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரே ஒரு நம்பிக்கையோடு ஆலயத்துக்கு வந்தாள். யாராவது ஒருவர், 'அண்ணாச்சி எங்கே?' என்று கேட்டால் போதும், அழுதுவிடலாம் என்று இருந்தது. ஆனால் முதல் மணி அடித்துவிட்டுத் திரும்பியபோது அவளுடைய பெஞ்சில் அவர் அமர்ந்திருந்தார். கனடாவிலிருந்த நாத்தனார் ஏற்பாடு செய்திருந்தாள். முன் பெஞ்சு ராஜபுஷ்பம் திரும்பி இருவருக்கும் சேர்த்து ஒரு புன்னகை செய்தாள். அழுகை அன்றைக்கு உள்ளே போனதுதான்.

ராஜபுஷ்பத்தைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குப் பக்கத்தில் அவள் மகன் ஆல்வின் ஒன்பது ஆண்டுகளாகப் பத்தொன்பது வயதில் அமர்ந்திருக்கிறான்.

ஓராண்டு கழித்து இந்த ஞாயிறு, முதல் மணி அடித்ததும் குருவானவர் ஏசாயா ஐயர் அவளைப் பாவாடையறைக்கு அழைத்தார். அங்கிகள் தொங்கும் அந்தச் சிறிய அறையில் மேசைமேல் ஒரு கைத்திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டாத மனிதர், ஆறு சபைகளுக்கு ஒருவராக அலைந்து இளைத்திருந்தார்.

"உக்காருங்கம்மா."

"இருக்கட்டும் ஐயா. நிக்கேன்."

"ஒரு வருசம் ஆயிட்டு. அண்ணாச்சி தொடரட்டும்னு நீங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இந்தத் திரை கேட்டுக்கிடும். அதுக்குப் பிறகு வருசா வருசம் கேக்க மாட்டாங்க. அண்ணாச்சி நிரந்தர உறுப்பினரா ஆயிருவாவ. உங்களுக்குப் பிறகும் இங்கனயே இருப்பாவ."

"எனக்குப் பிறகுமா?"

"ஆமா."

"நான் இல்லாம அவிய தனியா உக்காந்து என்ன செய்வாவ?"

ஐயர் சிரித்தார். "நீங்களுந்தான் பக்கத்துல இருப்பியளே!"

தூசி படிந்த பெஞ்சில் இரண்டு வெளிச்சங்கள் ஒன்றையொன்று அறியாமல், முடிவே இல்லாமல் ஆமென் சொல்லிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள்.

"போன வாரம் ஒரு காரியம் நடந்திச்சு ஐயா," என்றாள். "பிரசங்கத்துல நான் லேசா கண்ணசந்துட்டேன். முழிச்சதும் பழைய நெனப்புல கையை நீட்டிட்டேன்."

"எதுக்கு?"

"சில்லுக்கருப்பட்டிக்கு. முப்பது வருசமா நான் தூங்கி விழுந்தா அவிய சட்டைப் பையிலேர்ந்து ஒரு துண்டு எடுத்து என் கையில வைப்பாவ. உங்க பிரசங்கம் மோசம்னு சொல்லலை."

"சும்மா சொல்லுங்கம்மா, நானே தூங்கியிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "இந்த உரு அதையும் படிச்சு வச்சிருக்கு. பையில கைவிட்டு எடுத்து, என் உள்ளங்கையில வச்சுது. ஒண்ணுமில்ல. வெளிச்சம். நான் அதைப் பொத்திப் பிடிச்சுக்கிட்டே ஆசீர்வாதம் சொல்ற வரைக்கும் இருந்தேன் ஐயா. விரலை விரிச்சா அவிய இல்லைங்கது தெரிஞ்சு போயிரும்னு."

வெளியே பாடகர் குழு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது.

"வாரா வாரம் விசுவாசப் பிரமாணம் சொல்லுதோம். சரீரம் உயிர்த்தெழும்னு சொல்லுதோம். யாரும் சாகலைன்னா எந்திரிக்கதுக்கு யாரு இருக்கா? எனக்கு அந்த மனுசன் வேணும். இந்த வெளிச்சம் இங்க உக்காந்திருக்க வரைக்கும் நான் அவியளுக்காகக் காத்திருக்கவே முடியாது ஐயா." பிறகு கைத்திரையைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: "தொடர வேண்டாம்."

திரை அணைந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். *ஞானாபரணம், வயது 63, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை நடத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.*

ஐயர் அதை இரண்டு முறை படித்தார். "நான் குருப்பட்டம் வாங்கி ஏழு வருசம். ஒரு அடக்கங்கூட நடத்தினதில்லை. புத்தகத்துல அந்தப் பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு." குரல் தாழ்ந்தது. "இதை வாசிச்சா ராஜபுஷ்பம்மா முகத்தை நான் எப்பிடிப் பாக்க? தொண்ணூத்தாறு பேர்னு கணக்குக் காட்டித்தான் இந்தக் கோயிலைத் தொறந்து வச்சிருக்கோம். ஒருத்தரை எடுத்தா அடுத்தாப்ல யாருன்னு எல்லாரும் நெனைக்க ஆரம்பிச்சிருவாவ."

"நெனைக்கட்டுமே."

"பாக்கேன்," என்றார் அவர். சீட்டைத் தம் புத்தகத்துக்குள் வைத்தார்.

அவள் இரண்டாம் மணியை அடித்துவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போனாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு மாதம் வெளிச்சம் அமர்ந்த இடத்தில் சற்றுமுன் அவளே துடைத்த மரம் தெரிந்தது. அவள் தலை நிமிர்த்தி அமர்ந்தாள். இப்போது யாராவது கேட்பார்கள். கேட்டுத்தானே ஆக வேண்டும்?

முன் பெஞ்சு ராஜபுஷ்பம் திரும்பினாள். அவள் பார்வை காலியிடத்தில் ஒரு கணம் விழுந்து, சுட்டதுபோல் விலகியது. "இன்னைக்கு வெக்கை கூடுதலாட்டு இருக்கு, என்னட்டி?" என்றாள்.

"ஆமாக்கா."

"அந்த மேக்கால சன்னலைத் தொறந்திருக்கலாம்."

"தொறந்துதான் இருக்கு."

ராஜபுஷ்பம் முன்னால் திரும்பிக்கொண்டு, மகன் பக்கம் அரை விரற்கடை நகர்ந்தாள்.

ஆராதனை நடந்தது. துதி, பாவ அறிக்கை, வேதபாடம். பாட்டில் ஞானாபரணத்தின் கட்டைக் குரல் இல்லாத ஓட்டையை வேறெவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அறிவிப்பு நேரத்தில் ஐயர் புத்தகத்தைத் திறந்தார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வியாழக்கிழமை என்றார். குடிநீர்த் தொட்டி கழுவப்படும் என்றார். சீட்டு இருந்த பக்கத்தில் அவருடைய விரல் தங்கியது. கண்ணை உயர்த்திக் கெட்சியாளைப் பார்த்தார், பிறகு அவளுக்கு முன்னால் இருந்தவளைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். "இத்துடன் அறிவிப்புகள் முடிந்தன."

கெட்சியாள் எழுந்தாள்.

நடு வழியாக மேற்கு வாசலை நோக்கி அவள் நடந்தபோது, வெளியே போகிறாள் என்றே எல்லாரும் எண்ணியிருப்பார்கள். அவள் கயிற்றைப் பிடித்தாள். ஆராதனை மணியைத் தொடர்ந்து இழுக்க வேண்டும். துக்கமணிக்கு ஒற்றையாக ஒன்று, அது முழுவதும் அடங்கிய பிறகு அடுத்தது, போனவரின் வயதுக்கு ஓராண்டுக்கு ஒன்று. பதினொரு ஆண்டு ஆகியும் தோளுக்கு அது மறந்திருக்கவில்லை.

ஒன்று.

சபையார் எழுந்து நின்றார்கள்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. இருப்புருக்களுக்குத் தெரிந்த மணி ஒன்றுதான். எப்போது மணி கேட்டாலும் அவற்றுக்கு அது பவனிக்கான இரண்டாம் மணி. அவை பதிவான காலத்தில் துக்கமணி ஒலித்ததே இல்லை, ஆகவே அந்தப் பழக்கம் அவற்றிடம் இல்லை. எண்பத்தாறு பேர் ஒருசேர எழுந்து, பாட்டுப் புத்தகத்தை விரித்து, மலர்ந்த முகத்தோடு பவனிப் பாட்டைத் தொடங்கினார்கள். பாடகர் குழு சுருதி பிசகாமல் சேர்ந்துகொண்டது.

இரண்டு. மூன்று.

நின்றவர்களுக்கு நடுவே, கதிர் நிற்கும் வயலில் கிடக்கிற கற்களைப்போல, சிலர் அமர்ந்திருந்தார்கள். அந்த மணி இன்னதென்று அவர்களுக்குத் தெரியும். வலப்பக்கம் மூன்றாம் பெஞ்சில் ஒரு முதியவர் முகத்தைக் கையில் புதைத்திருந்தார். தூணோரம் இரண்டு சகோதரிகள். முன்வரிசையில் ஒருவர். பத்தாவது மணிக்குள் அவர்கள் தலை தூக்கி, நிற்கிறவர்களின் இடுப்புகளுக்கு இடையே ஒருவரையொருவர் தேடத் தொடங்கினார்கள். தன்னைத் தவிர வேறு யாரெல்லாம் உயிரோடு வருகிறார்கள் என்பது அந்தச் சபைக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழு பேர்.

இருபதாவது மணியில் பாடகர் குழுவிலிருந்த எபநேசரின் உரு பாட்டைப் பாதியில் நிறுத்தியது, தடுமாறியது, உட்கார்ந்தது. வடக்கே எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒரு மனிதர் தூக்கத்திலிருந்து எழுந்து தன் உருவுக்குள் வந்திருக்க வேண்டும். அவர் இறந்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றுதான் கெட்சியாள் நினைத்திருந்தாள். வெளிச்சமாக இருந்தாலும் அவர் அழுவது தெரிந்தது. இன்னும் இரண்டு உருக்கள் அமர்ந்தன.

ஏசாயா ஐயர் அங்கியோடு பீடத்தின் படியில் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நாற்பது. ஐம்பது. கயிறு உள்ளங்கையை உரித்தது. அந்த எரிச்சல் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் கையில் வெளிச்சமல்லாத ஒன்று இருந்தது. பவனிப் பாட்டு முடிந்தது. அடுத்து என்ன செய்வதென்று அறியாத உருக்கள் ஒவ்வொரு மணியோசைக்கும் பாட்டின் முதல் அடியையே திரும்பத் திரும்ப எடுத்தன.

அறுபத்து மூன்று.

அவள் கயிற்றை விட்டாள். மணியின் அதிர்வு சுவர்களை விட்டு இறங்கும்வரை நின்றாள். அமர்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், பின் தரையைப் பார்த்தார்கள். மணியடித்தும் ஒருவர்கூடக் கேட்கவில்லையென்றால் இனி அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். அவள் வாசல் பக்கம் திரும்பி, செருப்பைக் காலால் தேடினாள்.

ராஜபுஷ்பம் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் ஆல்வின், புத்தகத்தை விரித்தபடி, பத்தொன்பது வயதுப் பற்கள் தெரிய நின்றுகொண்டிருந்தான். அவள் கழுத்தைச் சாய்த்து மேலே பார்த்தாள். ஏதோ கல்யாண வீட்டில் யார் வீட்டுப் பிள்ளை இவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். அவன் குனியவில்லை. மணி ஓய்ந்துவிட்டதால் எதிரேயிருந்த சுவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான்.

அவள் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகனைச் சுற்றிக்கொண்டு போக இடமில்லை. ஒரு கணம் தயங்கி, கண்ணை மூடி, அவனூடாகவே நடந்து நடு வழிக்கு வந்தாள். அங்கே நின்று, ஆலயம் முழுவதும் கேட்கும்படியாக, உடைந்த குரலில் கேட்டாள்:

"ஏட்டி கெட்சி, அண்ணாச்சியை எங்க வச்சிருக்க?"