வேனுக்கு வேர்த்தது

குணசீலன் லாரியில் லோடு கட்டினால், அந்தக் கயிற்றை அவிழ்க்கவும் அவரேதான் வரவேண்டும். அப்படி ஒரு முடிச்சு! புதூர்நாட்டில் அவர் ஏற்றும் சாமை மூட்டைகள் கொட்டும் மழையில் மலையிறங்கி வாணியம்பாடி போய்ச் சேர்ந்தாலும், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மூட்டைகூட நனைந்திருக்காது.

அதனால்தான் அவருடைய மகள் சிவசங்கரிக்கு ஒன்று புரியவே இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் வேனுக்குள் மட்டும் எப்படித் தண்ணீர் வருகிறது?

அது சாதாரண வேன் இல்லை. பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து அப்பா ஒரு வீடாகவே மாற்றியிருந்தார். ஊரே அதைச் 'சக்கர வூடு' என்றுதான் சொல்லும். அரையாண்டு லீவில் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, தரங்கம்பாடிக்குப் போய்க் கடல் பார்ப்பதாகத் திட்டம். சங்கரி இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. அதற்குள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவேறு வைத்திருந்தாள்.

வேனை நிறுத்தக் கொட்டகை கிடையாது. மழைக்காலம் தொடங்கியதும் அப்பா நீல நிறப் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு, கூரையிலிருந்து சக்கரம்வரை இழுத்துக் கட்டிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அம்மா தேவயானி கதவைத் திறந்தாள். திறந்த கையோடு மூக்கைப் பொத்திக்கொண்டாள். மெத்தை முழுக்கப் பூஞ்சை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"இன்னாங்க இது, உள்ளயே மழ பேயுது?"

"எங்கியாவது ஓட்ட இருக்கும்," என்றார் அப்பா. தார்ப்பாயை விரித்துத் தேடித் தேடிப் பார்த்தார். ஊசி நுழையும் அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மெத்தையைக் கழுவிக் காயவைத்தார். இன்னொரு தார்ப்பாயையும் மேலே போட்டு, முன்னைவிட இறுக்கமாகக் கட்டினார். வேன் தபாலில் அனுப்ப வைத்த பார்சலைப் போல நின்றது.

பத்து நாள் கழித்துத் திறந்தால், முன்பைவிட மோசம்!

"இந்த நாத்தத்துல ரெண்டு நிமிஷம் நின்னாலே எனக்கு மூச்சு எரைக்குது. நான் இதுல வர்ல," என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்பா வேனின் கதவைச் சாத்தினார். பிறகு, "திருப்பத்தூர்ல ஒருத்தர் டீக்கட வைக்க வேன் கேட்டுனு இருக்காரு. ஞாயித்துக்கெழம வந்து பாக்கச் சொல்றேன்," என்றார்.

சங்கரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வானம் காலையிலேயே கறுத்திருந்தது. அம்மா அவளுக்குப் பிளாஸ்டிக் ரெயின்கோட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டு அனுப்பினாள். மழையோ வரவே இல்லை. மாலையில் ரெயின்கோட்டைக் கையில் சுமக்கச் சோம்பல்பட்டு, அதைப் போட்டுக்கொண்டே மேட்டில் ஓடி வந்தாள் சங்கரி.

"ஒரு தூத்தல்கூட இல்ல. எங்கடி போய் நனஞ்சிட்டு வந்த?" என்றாள் அம்மா.

"நான் நனையலம்மா, ஓடியாந்ததுல வேர்த்து..."

சங்கரி பாதியில் நிறுத்தினாள். ரெயின்கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக ஈரம். நேரே வேனிடம் ஓடினாள். தார்ப்பாயின் ஓரத்தை முக்கி முனகித் தூக்கி, உள்பக்கத்தை விரலால் தடவினாள். அங்கேயும் அதே முத்துகள்!

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் கட்டும் லோடில் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. வேனை விற்கிற வருத்தத்தில் இருப்பவரிடம், தப்பு உங்கள் மேல்தான் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில்.

"அப்பா, உன் ரெயின்கோட்டப் போட்டுனு கடைக்குப் போய்ட்டு வாப்பா."

"இந்த வெயில்லயா?"

"எனக்காகப்பா!"

மகள் கேட்டால் அப்பாவால் மறுக்க முடியாது. மொட்டை வெயிலில் ரெயின்கோட்டோடு போனவரைப் பார்த்துத் தெருவே சிரித்தது. "இன்னா குணசீலா, எந்த ஊர்ல மழ?" என்று கேட்டார் கடைக்கார வெள்ளையம்மாள்.

திரும்பி வந்து கழற்றினால், பனியனைப் பிழிந்து ஒரு செடிக்கு ஊற்றலாம்.

"உன் கோட்டுல ஓட்ட இருக்குதாப்பா?" என்று கேட்டாள் சங்கரி.

"ஓட்டயா? அதெல்லாம் இல்ல. காத்து போவ வழியில்ல, வேர்த்துக் கொட்..."

அப்பா வேனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நீ கட்டுனா வெளியேருந்து ஒரு சொட்டு உள்ள போவாதுப்பா," என்றாள் சங்கரி மெதுவாக. "ஆனா உள்ள இருக்கிற ஈரம் வெளியவும் போவாதில்ல? லாரி லோடுன்னா அன்னிக்கே எறங்கிடும். வேன் மாசக்கணக்கா மூடியே கெடக்குது."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு தார்ப்பாய் போட்டு அதுக்கு மூச்சு முட்ட வெச்சிருக்கேனே!"

டீக்கடைக்காரருக்கு வரவேண்டாம் என்று போன் போனது. அடுத்த லோடு வாணியம்பாடிக்குப் போனபோது, அப்பா சங்கரியையும் கூட்டிக்கொண்டு பாஷாவின் பந்தல் கடைக்குப் போனார்.

"இது கூடாரத் துணி பாப்பா," என்று தடித்த துணி ஒன்றை விரித்துக் காட்டினார் பாஷா. "மழ வழிஞ்சு போய்டும். காத்து வந்து வந்து போவும். ஆனா, இந்தக் கலர்தான் இருக்குது."

சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக மின்னின. கல்யாணப் பந்தலுக்கு வாங்கிய துணி அது. பாஷா அதை வேனின் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார். வேனின் உள்ளே சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிட்டார்கள். பிறகு சங்கரியின் யோசனைப்படி, கூரைமேல் நீளவாக்கில் ஒரு மூங்கிலை வைத்து, அதன்மேல் துணியைப் போட்டார்கள். தண்ணீர் தேங்காமல் இரண்டு பக்கமும் வழிந்தது. அடியில் காற்று புகுந்து வர ஒரு சாண் இடைவெளி விட்டார்கள்.

மறுநாள் காலை வெள்ளையம்மாள் தட்டில் பழம், வெற்றிலையோடு வந்து நின்றார்.

"பந்தலப் பாத்தேன். யாருக்குக் கல்யாணம்? ஒரு வார்த்த சொல்லல?"

"சக்கர வூட்டுக்குத்தான்!" என்றாள் சங்கரி. அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். வந்த பழத்தைத் திருப்பி அனுப்பவும் யாருக்கும் மனசில்லை.

அதன்பிறகு எட்டு நாள் விடாமல் மழை. ஒன்பதாம் நாள் அம்மாதான் முதலில் வேனுக்குள் ஏறினாள். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். சங்கரி வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சோப்பு வாசனதான் வருது," என்றாள் அம்மா. "எப்பக் கெளம்புறோம்?"

அரையாண்டு லீவில் சக்கர வீடு தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தது. கடற்கரையில் நிறுத்தியதும், உப்புக் காற்றுக்குப் பயந்து அப்பா துணி உறையைப் போட்டுக் கட்டினார். அந்தப் பக்கம் வந்த லாரி டிரைவர் ஒருவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"அடேங்கப்பா! இது யார் கட்டுன கட்டு?"

"கட்டுனது நான்," என்றார் அப்பா. "காத்து விட்டது எம் பொண்ணு."

சங்கரியின் காதில் அது விழவில்லை. அவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அடுத்த அலையை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.