எதிர் அம்பு

அக்கா வீட்டு வாசலில் நான் போய் இறங்கியபோது நல்ல மழை. வெளிக்கேட் தூணோரம் அத்தான் நனைந்தபடி விறைத்து நின்றிருந்தார். தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி.

"என்ன அத்தான், வரவேற்பு பலமா இருக்கு?"

அவர் பார்வை என்னைத் தாண்டித் தெருவில் இருந்தது. கரப்பான் பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிற மனிதர்.

அக்கா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "இவரு அவங்க பெரியப்பாவோட துப்பாக்கிய பரண்லேர்ந்து எறக்கினதிலிருந்து இப்படித்தான்டி. உக்காரல, படுக்கல. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. இன்னும் ரெண்டு நாள் இப்படி நின்னா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"கையிலேர்ந்து பிடுங்க வேண்டியதுதானே?"

"பிடுங்கினோம். அவருக்கு மூச்சே நின்னுபோச்சு, திரும்பக் குடுத்தப்புறம்தான் வந்துச்சு."

ஏலக்கடைகளுக்குப் பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் முத்திரைகளைப் படித்துச் சொல்வது என் பிழைப்பு. அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன்.

அத்தான் பிடியை விடவில்லை. அவர் கையில் இருக்கும்போதே துப்பாக்கியைத் திறந்து பார்த்தேன். தோட்டா இல்லை. குழலின் அடியில் பூதக்கண்ணாடியை வைத்தேன்.

ஓர் அம்பு. மூன்று கோடுகள் ஒரு முனையில் சேரும், காக்கையின் கால் தடம் மாதிரி. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். பறவை சுடுகிற துப்பாக்கியில் அதைக் காண்பது அபூர்வம். உலகப் போர்க்காலத்தில் காவலுக்கு ஆயுதம் போதாமல் இப்படிச் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வெளியே விடும்போது, முதல் அம்புக்கு எதிராக, முனையோடு முனை முட்டும்படி இன்னோர் அம்பை அடிப்பார்கள்.

இதில் அந்த எதிர் அம்பு இல்லை.

இந்தத் துப்பாக்கியை யாரும் விடுவிக்கவே இல்லை. இன்னும் காவலில் இருக்கிறது.

வீட்டைச் சுற்றி பூட்ஸ் சத்தம் கேட்டது. நிதானமாக, சரளைக் கல்லை மிதித்துக்கொண்டு; ஆளைத்தான் காணோம். ஈரக் கம்பளி நாற்றமும் துப்பாக்கி எண்ணெய் நாற்றமும் மூக்கில் ஏறின.

அத்தானின் உதடு அசைந்தது. குரல் அவருடையது இல்லை.

"மாத்து ஆள் வரல."

எனக்குக் கோபம்தான் வந்தது. எவனுடைய சண்டைக்கோ எங்கள் வீட்டு மனிதர் கால் வீங்கிச் சாக வேண்டுமா?

"வரமாட்டான்," என்றேன். "சண்டை முடிஞ்சு எத்தனையோ காலமாச்சு. இவர் உன் சிப்பாய் இல்ல. என் அக்கா புருஷன்."

பூட்ஸ் சத்தம் என்னை நோக்கித் திரும்பியது.

கள்ள முத்திரை அடித்த எவனையும் நான் விட்டுவைத்ததில்லை. அன்றைக்கு நானே பையிலிருந்து சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். குழலைத் தூணோடு சாய்த்து அழுத்திக்கொண்டேன்.

முதல் கோடு.

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது.

இரண்டாவது கோடு.

"யாரு உத்தரவு?" காதோரம் கேட்டது.

"என் உத்தரவுதான்."

மூன்றாவதை ஓங்கி அடித்தேன்.

சத்தம் நின்றது. துப்பாக்கி சேற்றில் விழுந்தது. அத்தான் அதன் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். "ஏம்மா இப்படி நனையறே?" என்று என்னைக் கேட்டார். அக்கா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அன்று சாயங்காலமே துப்பாக்கியை அறுத்துத் துண்டாக்கிவிட்டோம்.

மறுநாள் என் வீட்டில் முகம் கழுவும்போதுதான் பார்த்தேன். இடது மணிக்கட்டின் உள்பக்கம் ஓர் அம்பு. தேய்த்தேன், போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே சரளைக் கல் நெரிந்தது. என் வீட்டைச் சுற்றி வெறும் சிமென்ட் தரைதான். கால்கள் தாமாகவே வாசலுக்குத் திரும்பின.

பேனாவை எடுத்தேன். முனையோடு முனை முட்டும்படி எதிர் அம்பை வரைந்தேன். கால்கள் நின்றன.

ராத்திரி தூங்கி எழுந்தால் நான் வரைந்தது அழிந்திருக்கிறது. அதனுடையது மட்டும் அப்படியே இருக்கிறது. பச்சை குத்திக்கொண்டும் பார்த்துவிட்டேன், அதையும் விடிவதற்குள் துடைத்துவிட்டது.

துடைக்கட்டும். இன்று காலையும் வரைந்துவிட்டு, உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.