காதுக்கு முன்னால் ஒரு துடிப்பு

நண்பகல் லுஹர் பாங்கு முடிந்த கையோடு பக்கீர் முகைதீன் அறைக் கதவைத் தள்ளினார். மகள் பஸ்மினா கட்டிலடியில் சரிந்து கிடந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்காகப் போன கிழமை கட்டிய ஸ்காப் தலையில் இறுக்கமாக அப்படியே இருந்தது. வாய் கோணி, வலது கை துவண்டு போயிருந்தது. "வாப்பா" என்று சொல்லப் பார்த்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தங்கராசா சுற்றி வளைக்கவில்லை.

"மூளைக் குழாய் சுருங்கிற மொயமொய நோய் இவக்கு. மதராசில தலைத்தோல்ல ஓடுற குழாயை மூளைக் குழாயோட இணைச்சு, சுத்துப்பாதை போட்டிரிக்காங்க. அதுல இரத்தம் கட்டியாகி அடைச்சிற்று போல. மருந்துக் குளிசையை நிப்பாட்டினீங்களா?"

மூத்த மகன் நூஹுவுக்கு அது போதும். தாய் மௌத்தான பிறகு வாப்பா மறுமணம் முடித்த ஹாஜறாவை அவனுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

"குளிசை குடுக்கிறது இந்தச் சாச்சிதான். வேன் பிடிச்சிட்டு வாறன். வரிப்பத்தான்சேனையில அவட தாய் வீட்டுலயே கொண்டுபோய் விட்டிருவம். இனி நம்மட வாசல்ல கால் வெக்கப்படா."

பக்கீர் முகைதீன் ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட். கோழி திருடியவனையும் கொலை செய்தவனையும் ஒரே குரலில் விசாரித்த மனுசன். வெட்கக்கேடு, கூட வந்திருந்த பெண்சாதியையும் அதே குரலில்தான் விசாரித்தார்.

"குளிசை குடுத்தியா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் என்ட கையால."

"தண்ணி?"

"பக்கத்துல நிண்டு குடிக்க வெச்சன். மதராசிலிருந்து வந்து நீங்க சொன்ன மூணையும் நான் மறக்கல்ல. குளிசை விடப்படா, தண்ணி குறையப்படா, கண்ணாடியோ தொப்பியோ போடப்படா. அவள் கண்ணாடி போடுறல்ல. தொப்பி ஆம்புளைகளுக்கு எண்டு நீங்கதான் சிரிச்சீங்க."

"பொய்," என்றான் நூஹு. "முந்தாநாள் மீன் வெட்டக்குள்ள அவள்ட விரல்ல சின்னக் கீறல். இரத்தம் நிக்கவேயில்ல. துணி முழுக்க நனைஞ்சிற்று. அதையும் இவ கவனிக்கல்ல."

பக்கீர் முகைதீன் நிமிர்ந்தார். அந்தக் குளிசையின் வேலையே இரத்தத்தை உறைய விடாமல் வைத்திருப்பதுதான். அதை நிறுத்தியிருந்தால் ஒரு கீறல் அப்படி ஓடுமா என்று டொக்டரைக் கேட்டார்.

"ஓடாது," என்றார் டொக்டர். "குளிசை உள்ளுக்குப் போயிரிக்கு. நாக்கும் காயல்ல, தண்ணியும் குறையல்ல."

மகன் அதைக் காதில் வாங்காமல் வேன் பிடிக்கப் போய்விட்டான்.

பக்கீர் முகைதீன் மகளின் கட்டிலருகே போனார். தாதி ஸ்காப்பைக் கழற்றியிருந்தாள். மழித்த இடத்தில் முடி அரைகுறையாக முளைத்திருந்தது. தழும்புக்குக் கீழே, இடது காதுக்கு முன்னால், சிவந்த பள்ளமாக ஒரு கோடு. வலது காதுக்கு முன்னால் விரல் வைத்துப் பார்த்தார், துடித்தது. இடது பக்கம் வைத்தார்; ஒன்றுமில்லை.

"மதராசில இணைச்ச குழாய் அந்த இடத்தாலதான் ஏறுது," என்றார் டொக்டர். "எதாவது இறுக்கிக் கிடந்ததா?"

மழித்த இடத்தை மாப்பிள்ளை வீட்டார் கண்டுவிடுவார்களே என்று, ஸ்காப்புக்கு உள்ளே போட தொப்பி மாதிரி இலாஸ்டிக் வைத்த துணியொன்றைக் கல்முனை பசாரில் வாங்கியவர் பக்கீர் முகைதீனேதான். கடைக்காரன் அதை உள்பட்டி என்றான். தொப்பி என்று சொல்லியிருந்தால் ஹாஜறா அதை அடுப்பில் போட்டிருப்பாள். காதுக்கு முன்னால் எதுவுமே அழுத்தக் கூடாது என்று மதராஸ் டொக்டர் தொட்டுக் காட்டியதை விட்டுவிட்டு, உதாரணத்துக்குச் சொன்ன கண்ணாடியையும் தொப்பியையும் மட்டும் அவர் வீட்டில் வந்து சொல்லியிருந்தார். "இறுக்குது வாப்பா" என்று பிள்ளை சொல்லவும் செய்தாள். பழகிவிடும், ஆக்கள் வந்து போற வீடு, படுக்கும்போதும் கழற்றாதே என்று அவர்தான் வாயை அடைத்தார்.

வெளியே வேன் வந்து நின்றது. ஹாஜறா ஏறி உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் பழி அவளோடு வரிப்பத்தான்சேனைக்குப் போய்விடும், யாரும் கேட்கப் போவதில்லை. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

"இறங்கு புள்ள," என்றார் ஹாஜறாவிடம், போய் வேன் கதவைத் திறந்து. "நூஹு, இவ ஒரு குளிசையும் விடல்ல. நான் வாங்கிக் குடுத்த உள்பட்டிதான் அந்தக் குழாயை நெரிச்சது. செஞ்சவன் நான்தான்."

ஹாஜறா இறங்கி, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

மாப்புக் கேட்க அவரும் பின்னால் போனார். வாப்பாவைக் கண்டதும் பஸ்மினா, அசையும் ஒரே கையால் அவசர அவசரமாகப் போர்வையை இழுத்துத் தன் தலையை மூடினாள்.