ஸ்டியரிங்கில் இன்னொரு கை

வலது தோளில் ஆரம்பித்த வலி முழங்கை வழியாக இறங்கி விரல் கணுக்களில் வந்து உட்கார்ந்திருந்தது. சின்னராசா சின்ன வயதில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவன், கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றியவன், பிறகு பதினாறு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவன். எந்த வலி எந்த வேலையில் வரும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். இது வண்டி ஓட்டி வந்த வலி இல்லை. கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஆளோடு விடாமல் இழுத்தால் வருமே, அந்த வலி.

ஒன்பது நாளாக இழுக்கிறான்.

அவனுடைய லயத்து வீட்டிலிருந்து தலவாக்கலை டவுனுக்கு இறங்குகிற தோட்டத்து ரோட்டில் பாதி வழியில் ஒரு முச்சந்தி வரும். இடப்பக்கம் பிரியும் கல் ரோடு மேப்பிரிவு லயங்களுக்கு ஏறிப் போகும். அந்த இடம் வந்ததும் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஸ்டியரிங் மெல்ல இடப்பக்கம் திரும்பும். முதல் நாள் டயருக்குள் கல் அகப்பட்டிருக்கும் என்று நினைத்தான். இரண்டாம் நாள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்து நிறுத்தவேண்டி வந்தது. ஒன்பதாம் நாள் இரண்டு கையாலும் இழுத்து, காலை ஊன்றி உன்னித்தான் காரை நேரே கொண்டுபோக முடிந்தது. முச்சந்தியைத் தாண்டியதும் விளக்கு அணைந்துவிடும். ஸ்டியரிங் பிள்ளை கைபோல் இளகிவிடும்.

வீட்டில் மகள் பிரேமினி நிறைமாதமாக இருந்தாள். மருமகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், சின்னராசாவின் பெண்டாட்டி குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம். வலி எடுத்தால் மகளை ஏற்றிக்கொண்டு இறங்க இந்தக் கார்தான், ஓட்ட அவன்தான். அதனால் இரண்டு நாள் ஹயர் ஓட்டத்தை விட்டுவிட்டு, கண்டியில் கார்க் கம்பெனியின் பெரிய வேலைத்தளத்துக்குப் போனான்.

அங்கே பொறுப்பாக இருந்தவன் றமணன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன். முப்பது வயதிருக்கும், சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை.

"என்ன அண்ணை, தோளைத் தோளைப் பிடிக்கிறியள்? காரோட மல்யுத்தமோ?"

"சிரிக்காதீங்க தம்பி. அது நெசமாவே இழுக்குதுங்க. ஒரே எடத்துலதான் இழுக்குது."

"இது எண்ணெயில ஓடுற பழைய ஸ்டியரிங் இல்லை அண்ணை, கரண்ட் மோட்டர். மோட்டர் தன்ர பாட்டுக்குத் திரும்பாது. ஒரு கை திருப்புது எண்டு சென்சர் சொன்னால்தான் அது உதவிக்கு வரும். விடுங்கோ, பாப்பம்."

ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு றமணன் அரைமணி நேரம் பார்த்தான். பிறகு காரை உயரத் தூக்கிப் பார்த்தார்கள், இறக்கிப் பார்த்தார்கள். மோட்டரும் சென்சரும் சேர்ந்த தண்டையே கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். அதைப் போட்ட பிறகும் பழைய பதிவைப் பார்த்து றமணன் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"ஒரு பிழையும் காட்டேல்லை. ஆனால் இஞ்ச பாருங்கோ, ஒன்பது நாளும் ஒரே மாதிரி ஒரு பதிவு கிடக்கு. நீங்கள் வலப்பக்கம் இழுக்கிறியள். அதே நேரம் இடப்பக்கமும் ஒரு இழுவை."

"மோட்டரா?"

"இல்லை. மோட்டர் பிறகுதான் வேலை செய்யுது. முதல்ல இழுக்கிறது கை. இன்னொரு கை எண்டுதான் அது நினைக்குது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "கம்ப்யூட்டருக்கும் சில நேரம் விசர் பிடிக்கும். புதுசு போட்டாச்சு, இனி வராது. சில்லை நேர் பிடிச்சு விடோணும், டிக்கியில இருக்கிற பாரத்தை எல்லாம் இறக்குங்கோ."

டிக்கியில் பிரேமினியின் மூட்டை இருந்தது. அவர்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். பிள்ளை பெறப் போகிறவளின் பழஞ்சேலைத் துண்டு, கிளினிக் கார்டு, சோப்பு, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, கொண்டுபோகப் போகிற வண்டியில் முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள். அவசரத்தில் எதையும் மறக்கக்கூடாது என்பது ஒரு காரணம். மற்றது, மூட்டையை வாங்கி வைத்த டிரைவர் அதற்குப் பிறகு அந்த ஆளுக்குச் சொந்தம். வேறு எந்த ஹயரும் அதற்குப் பிறகுதான். எழுத்தில்லை, கையெழுத்தில்லை, ஆனால் மூன்று டிவிஷனிலும் யாரும் மீறியதில்லை.

பிரேமினி மூட்டை ஏறி அன்றைக்குப் பன்னிரண்டு நாள். அவள் மூட்டையை வைத்த மூன்றாம் நாள்தான் ஸ்டியரிங் இழுக்க ஆரம்பித்தது. அந்தக் கணக்கு அவன் மனதில் அதுவரை வரவில்லை.

வேலைத்தளத்துக்காரன் ஒருவன் உபரி டயரையும் வெளியே எடுத்தான். அடியில் கையை விட்டு, இன்னொரு மூட்டையைத் தூக்கித் தரையில் போட்டான். தொப்பென்று ஈரச்சத்தம் கேட்டது.

"ரெண்டு பேருக்கோ அண்ணை?" என்றான் றமணன்.

"ஒருத்திக்குத்தான்" என்றான் சின்னராசா.

நீலப்பூப்போட்ட சேலைத் துண்டு. முடிச்சை அவனுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தி மேப்பிரிவு அழகுமுத்து தன் பெண்டாட்டி வேலாயிக்காக ஒரு சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தது. "அண்ணே, மூட்ட ஏறிருச்சு. இனி நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் விடிய, நுவரெலியா ஹோட்டல் ஒன்றிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றச் சொல்லி ஆள் வந்தது. மூட்டை டிக்கியில் இருக்கும்போதே சின்னராசா அந்த ஹயருக்குப் போனான். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தான். பத்து மணிக்கு வேலாயிக்கு வலி எடுத்தது. முச்சந்திவரை நடந்து வந்து, காருக்காக மழையில் ஒரு மணி நேரம் நின்றாளாம். பிறகு கொழுந்து லொறியில், ஈரச்சாக்குகளுக்கு மேலே தார்ப்பாய்ப் படங்கை விரித்துக் கிடத்திக் கொண்டு போனார்கள். டவுனுக்கு இந்தப்பக்கம், மதகு வளைவில், அவளும் பிள்ளையும் செத்துப்போனார்கள்.

யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. அழகுமுத்து தோட்டத்தை விட்டே போய்விட்டான். மூட்டையை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? உபரி டயருக்கு அடியில் தள்ளினான், மறந்தான்.

மூன்று வருஷம் கிடந்த மூட்டை காய்ந்து மக்கியிருக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முடிச்சின் இடுக்கில் இரண்டு கொழுந்து, பச்சையாக, இப்போதுதான் கிள்ளியதுபோல.

"குப்பையில போட்டுருங்க தம்பி" என்றான். அவன் தொடவில்லை.

திரும்பி வரும்போது முச்சந்தியில் மூச்சைப் பிடித்துக்கொண்டான். விளக்கு எரியவில்லை. ஸ்டியரிங் ஒரு விரலுக்கு அடங்கியது. "விட்டது சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்ன பிறகுதான், யாரைச் சொன்னோம் என்று உறைத்தது.

நாலாம் நாள் பின்னேரம் இரண்டரைக்குப் பிரேமினிக்கு வலி எடுத்தது. லயத்துச் சனமெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளைக் காம்பராவில் இருந்த ஆயாவிடம் சொல்லிவிட்டு, மகளைப் பின் சீட்டில் ஏற்றினான்.

"அப்பா, மெதுவாப் போங்க. குழியில போட்டீங்கன்னா இங்கயே பெத்துப் போட்ருவேன், அப்புறம் நீங்கதான் மருத்துவச்சி." வலிக்கு நடுவிலும் அவளுக்கு வாய் குறையவில்லை.

"வாய மூடிக்கிட்டுச் சாஞ்சுக்க தாயி. அரமணி நேரம்."

மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் சவுக்கு மரங்களின் தலை போனது, பிறகு இடுப்பு, பிறகு ரோட்டின் வலது ஓரம். பின்னேரம் மூன்று மணிக்கு முன்விளக்கைப் போட்டான். வெளிச்சம் பத்தடி போய், பால் ஊற்றின சுவரில் மோதியதுபோல் நின்றது. கண்ணாடியில் துடைப்பான் போய் வரும் சத்தமும், மகள் பல்லைக் கடித்து மூச்சு விடும் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. பனிக்குள் எங்கேயோ மழையில் நனைந்த கொழுந்தின் பச்சை வாடை கிளம்பி, மூடியிருந்த கண்ணாடிகளையும் மீறி உள்ளே வந்து, மெல்ல மெல்ல அடர்ந்தது, தேயிலை இஸ்டோரில் கொழுந்தை வாடப்போடும் மாடியில் நிற்பதுபோல.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

வலப்பக்கம் இழுத்தான். தோளுக்குள் ஏதோ அறுந்தது. ஸ்டியரிங் அவன் இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு, பொறுமையாக, இடப்பக்கம் திரும்பியது. கார் கல் ரோட்டில் ஏறியது.

"அப்பா, இது மேப்பிரிவு ரோடுல்ல? எங்க போறீங்க?"

பிரேக்கை மிதித்தான், பிடிக்கவில்லை. மேப்பிரிவுக் கடைசி லயத்துக்கு முன்னால்தான் கார் நின்றது. கூரைத் தகரம் கழன்ற ஒற்றை அறைக் காம்பரா. அழகுமுத்துவின் காம்பரா. படியில் ஒரு மூட்டை இருந்தது. நீலப்பூ.

பின் கதவு திறந்தது. குளிர் வந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. காரின் பின்பக்கம் ஓர் ஆள் பாரத்துக்குத் தாழ்ந்தது.

படியில் இப்போது மூட்டை இல்லை.

"அப்பா." பிரேமினியின் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது. "யாரு இந்தக்கா? ரொம்ப நனஞ்சிருக்காங்க."

கண்ணாடியைப் பார்க்காதே. பார்க்காதே. ரோட்டைப் பார்.

ஸ்டியரிங் தானே வளைந்து, காரை முச்சந்திக்கு இறக்கி, டவுன் பக்கம் திருப்பியது. அவனுக்கு உயிர் வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போகிறது. போகட்டும். ரெண்டு பேரையும் சேர்த்தே இறக்குகிறேன். "கூட்டிட்டுப் போறேன் வேலாயி. இந்தத் தடவ கூட்டிட்டுப் போறேன்." முணுமுணுத்தபடி மிதித்தான். மதகுவரை உள்ள ஒன்பது வளைவுகளையும் அவன் கை படாமலே கார் எடுத்தது. டவுன் கோயில் மணி கேட்டது. மதகு வளைவு வந்தது.

என்ஜின் நின்றது.

பின்னால் ஒரு பெருமூச்சு. இரண்டு மூச்சு. ஒன்று பெரிது, ஒன்று மிகச் சின்னது. பின்பக்கம் சட்டென்று உயர்ந்தது.

கார் தானே உயிர் பெற்றது. ஸ்டியரிங் முழுவட்டமாகச் சுற்றியது. முன்விளக்கு மதகைத் தடவி, மலைப்பக்கம் திரும்பியது.

"இல்ல. இல்ல வேலாயி. அந்தப் பக்கம் இல்ல."

கைப்பிரேக்கைப் பிடுங்குகிறதுபோல் இழுத்து, இறங்கி, பின் கதவைத் திறந்து மகளின் தோளைப் பிடித்தான். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். டவுன் ஒரு மைல்தான்.

"தூக்காதீங்கப்பா. அவங்க என் கையப் புடிச்சிருக்காங்க. விட மாட்டேங்கிறாங்க."

அவள் இடது கை சீட்டின் மேல் நீண்டு கிடந்தது. விரல்கள் எதையோ இறுகக் கோத்திருந்தன. அந்த இடத்தில் யாரும் இல்லை. ஈரம் மட்டும், கொஞ்சம் கொழுந்து. இழுத்தான். மகள் கத்தினாள். அவள் தோளும் அவன் தோள்போல் அறுந்துவிடும் என்று பயந்து பிடியை விட்டான். கார் நகர ஆரம்பித்தது. ஓடிப்போய் முன் சீட்டில் விழுந்தான்.

மேப்பிரிவு. படி. மூட்டை. கதவு. பாரம்.

முச்சந்தி. ஒன்பது வளைவு. கோயில் மணி. மதகு. இரண்டு மூச்சு.

திரும்பவும் மேப்பிரிவு.

செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஹோர்னை அழுத்திக்கொண்டே இருந்தான், பனி அதைத் தின்றது. பிரேமினி முதல் சுற்றில் கத்தினாள். இரண்டாம் சுற்றில் அவனைக் கூப்பிட்டாள். மூன்றாம் சுற்றில் "அம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். வலிகளுக்கு இடையில் இடைவெளியே இல்லாமல் போயிற்று. பிறகு பின் சீட்டிலிருந்து சத்தமும் இல்லாமல் போயிற்று.

நாலாவது தடவை, கூரை கழன்ற காம்பராவுக்கு முன்னால் கார் நின்றது. கதவு திறந்து சாத்திக்கொண்டது. அப்போது கண்ணாடியைப் பார்த்தான்.

பின் சீட்டில் இரண்டு பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்திருந்தார்கள். இரண்டு பேரின் தலைமயிரிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. இரண்டு மடியிலும் மூட்டை இருந்தது. நீலப்பூ மூட்டை அசையாமல் இருந்தது. மற்றது, அவன் பார்க்கப் பார்க்க, ஒரு தடவை அசைந்து அடங்கியது.

ஸ்டியரிங் சூடாக இருந்தது, இன்னொருவர் வெகுநேரம் பிடித்திருந்ததுபோல. முச்சந்தியில் அது டவுன் பக்கம் திரும்பியது. மதகு இன்னும் ஒன்பது வளைவு.

வேலாயியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாக மூட்டை வாங்கியவன் அவன். அந்த ஒரு பயணம் இன்னும் பாக்கி.