வடிவு தவழ்ந்து வந்த படம்

"அண்ணாச்சி, வாரதுன்னா நாளைக்கே வந்துருங்க. கல்லாத்துல தண்ணி பாலத்தத் தொட்டுட்டு. பாலம் போச்சுன்னா ஐப்பசி வரைக்கும் மேல ஒருத்தனும் ஏற முடியாது. போதாக்குறைக்கு ஆனைக்கூட்டம் ஒண்ணு ஒங்க பெட்டி இருக்கப் பக்கமே சுத்துது."

கிளிமொட்டை எஸ்டேட் காவலாளி மிக்கேல் போனில் சொன்னது இவ்வளவுதான். குருநாதன் போனை வைத்தார். நேரே அலமாரிக்குப் போனார். மூன்று மாதமாகத் தொடாத கேமராப் பையை இழுத்து வெளியே போட்டார்.

"என்னப்பா செய்யுதிய?" என்றாள் மகள் உலகம்மை.

"அம்மாவ எடுத்துட்டு வரப்போறேன்."

அம்மா செத்து மூன்று மாதம் ஆகிறது. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று உலகம்மை பயந்துபோனாள்.

குருநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தென்காசி பஸ் டிப்போவில் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் டீசலும் கிரீஸும். ஏழாவது நாள் மலை. பதினொரு வருஷமாக இதுதான் பிழைப்பு. கழுத்தில் கேமராவை மாட்டிவிட்டால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். குருவி, அணில், பாம்பு, பூச்சி என்று நாற்பதாயிரம் படம் எடுத்துக் குவித்திருந்தார். கைக்குச் சிக்காமல் டிமிக்கி கொடுத்தது கருஞ்சிறுத்தை ஒன்றுதான். அதை மட்டும் எடுத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மனைவி வடிவும் கூடவே போவாள். சேலைக்கு மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குடை, ஒரு கையில் சோற்றுத் தூக்கு, தோளில் கேமராவின் முக்காலி. குடை பிடித்தது வடிவு, சோறு கட்டியது வடிவு. படத்தில் மட்டும் வடிவு கிடையாது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மாரடைப்பு. நாற்பத்தெட்டு வயசு. மாலை போட ஒரு படம் தேடினார்கள். நாற்பதாயிரத்திலும் வடிவு இல்லை. ஒன்றில் அவள் பிடித்த குடையின் ஓரம் தெரிந்தது. இன்னொன்றில் பாறைமேல் அவள் நிழல் விழுந்திருந்தது. கல்யாணப் படத்தில் இருந்தவள் வேறு யாரோ ஒரு சின்னப்பெண். உலகம்மையின் பழைய போன் மதுரை பஸ்ஸில் களவு போனபோதே அதிலிருந்த படங்களும் போய்விட்டன. கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். அதில் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

"ஊரு ஒலகத்தயெல்லாம் படம் எடுப்பாராம், பொண்டாட்டிக்கு ஒண்ணு இல்ல பாரு" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். பேசாமல் என்ன செய்வார்கள்? உலகம்மை பத்து நாள் அப்பாவின் முகத்தையே பார்க்கவில்லை. குருநாதன் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மிக்கேலுக்குப் போன் போட்ட அன்று காலைதான், மேசை இழுப்பறையில் எதையோ தேடும்போது எட்டு பேட்டரிகளின் காலி அட்டை ஒன்று கைக்கு வந்தது. அதைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ட்ராப் கேமரா என்று ஒன்று உண்டு. எட்டு பேட்டரி போட்ட சின்னப் பெட்டி. காட்டில் மரத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டால், முன்னால் எது அசைந்தாலும் தானாகவே படம் எடுக்கும். கட்டியதும் சரியாக எடுக்கிறதா என்று பார்க்க, ஒரு ஆள் மிருகம் மாதிரி நாலு காலில் தவழ்ந்து அதன் முன்னால் போகவேண்டும். எப்போதும் குருநாதன்தான் தவழ்வார். வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் கடைசியாகப் பெட்டி கட்டிய அன்று, வடிவு சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், தலைக்கு மேல் ஒரு மலை இருவாச்சி பறந்தது. "நீயே தவந்து பாத்துரு, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பறவையின் பின்னால் ஓடிவிட்டார்.

ஆக, பெட்டிக்குள் இருக்கும் கார்டில் முதல் படம் வடிவு!

இதையெல்லாம் கேட்டதும், "அப்ப நானும் வாரேன்" என்றாள் உலகம்மை. அவள் மதுரையில் நர்ஸ். லீவில் வந்திருந்தாள்.

"வேண்டாம் மக்கா. அட்டை, ஆனை, வழுக்குப் பாறை..."

"அவ எனக்கு அம்மாப்பா."

குருநாதன் அவளுக்கும் ஒரு மழைக்கோட்டு எடுத்து வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரில் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தார்கள். போகிற வழியில்தான் மனசை அரித்துக்கொண்டிருந்ததைச் சொன்னார்.

"கார்டு நெறஞ்சா பழச அழிச்சிட்டுப் புதுச எழுதுத மாதிரி ஒரு ஏற்பாடு அதுல உண்டு. நான் அதப் போட்டனா இல்லையான்னு ஞாபகமே இல்லட்டி. போட்டிருந்தா, மொதல்ல அழியுதது அம்மாவாத்தான் இருக்கும்."

மழை தூற ஆரம்பித்தது. காற்றில் ஆடும் ஒவ்வொரு இலைக்கும் அந்தப் பெட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக் குருநாதன் ஸ்கூட்டரை இன்னும் முறுக்கினார்.

மிக்கேல் அரிவாளும் கயிறுமாக நின்றான். எஸ்டேட்டை முதலாளி கைவிட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவன் மட்டும் கைவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு பிடி உப்புக் கொடுத்தான்.

"அட்டை கடிச்சா பிச்சு எறியாதிய, உப்ப வைங்க. ஆனை வாசன அடிச்சா நான் நிக்கச் சொன்ன எடத்துல நிக்கணும். மதியம் ரெண்டு மணிக்குள்ள பாலத்துக்குத் திரும்பிறணும். கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி, அதுக்கு மேல ஆறு ஆர் பேச்சும் கேக்காது."

கல்லாற்றுப் பாலம் என்பது இரண்டு இரும்புக் கம்பி, நடுவில் பலகைகள். அடியில் செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. மிக்கேல் முன்னால் போனான். குருநாதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்துப் போனார். மூன்றாவதாக வந்த உலகம்மை நட்டநடுவில் காலை வைத்ததும் ஊறிப்போயிருந்த பலகை மடாரென்று உடைந்தது. ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கி, தானாகவே எழுந்து வந்து சேர்ந்தாள்.

"ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் குருநாதன். கேட்கும்போதே கண் மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லப்பா. நடங்க."

நடந்தார்கள். ஏலக்காய்ச் செடிகள் காடாக மண்டிக் கிடந்தன. அட்டைகள் கால்களை மொய்த்தன. இரண்டு மணி நேரம் ஏறியபின் மிக்கேல் சட்டென்று கையை உயர்த்தினான். வழியில் யானைச் சாணம். ஆவி பறந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் ஒரு பாறைக்குப் பின்னால் ஒடுங்கினார்கள். மூங்கில் முறியும் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. குட்டியோடு ஆறு யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. பழைய குருநாதனாக இருந்தால் இந்நேரம் பாறைமேல் ஏறி நூறு படம் எடுத்திருப்பார். இப்போது மணிக்கட்டில் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். முக்கால் மணி நேரம் போயிற்று.

ஒருவழியாக அந்த மரத்தடிக்குப் போனார்கள். பட்டை உரிந்து கிடந்தது. பெட்டியைக் கட்டிய வார் இரண்டாகப் பிய்ந்து தொங்கியது. பெட்டியைக் காணவில்லை.

குருநாதன் சேற்றில் மண்டியிட்டுக் கையால் துழாவினார். "போச்சே, போச்சே" என்று வாய்விட்டு அழுதார். டிப்போவில் இரும்படிக்கிற மனுஷன் குழந்தை மாதிரி அழுவதைப் பார்க்க மிக்கேலுக்குச் சகிக்கவில்லை. சரிவின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து தேடினான்.

"அண்ணாச்சி, இங்ஙன வாங்க. அந்தா, கீழ ஓடையில. கல்லு இடுக்குல கருப்பா என்னமோ கெடக்கு பாருங்க."

கிடந்தது. யானை பிடுங்கி எறிந்த பெட்டி முப்பது அடி கீழே இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கியிருந்தது. ஓடைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

"நான் எறங்குதேன்" என்றான் மிக்கேல்.

"வேண்டாம். நான் விட்டுட்டுப் போனது. நான்தான் எறங்கணும்."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே மிக்கேலும் உலகம்மையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பாதி தூரத்தில் மண் சரிந்தது. குருநாதன் உருண்டார். கயிறு விலாவை அறுத்தது. ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டி, பெட்டியை இரண்டு கையாலும் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெட்டியின் மூடி விரிந்திருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது.

எஸ்டேட்டின் பழைய தகரக் கொட்டகைக்கு ஓடிவந்து சேர்ந்தார்கள். உலகம்மை கார்டை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து, ஊதி, போனில் சொருகினாள். திரை வெள்ளையாக நின்றது. பிறகு படங்கள் வந்தன.

கடைசிப் படத்திலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். யானையின் துதிக்கை நுனி. இலை. இலை. சருகுமான். முள்ளம்பன்றி. மறுபடியும் இலை. அடுத்து வந்த படத்தைப் பார்த்து அவள் விரல் நின்றுவிட்டது.

நட்டநடுப் பகலில், பெட்டியையே நேராகப் பார்த்தபடி, மினுமினுவென்று ஒரு கருஞ்சிறுத்தை.

"யேசுவே" என்றான் மிக்கேல். "அண்ணாச்சி, ஒங்க பதினோரு வருசத் தவம்..."

"தள்ளுட்டி" என்றார் குருநாதன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

தள்ளினாள். கார்டு நிறையவில்லை. எதுவும் அழியவில்லை. முதல் படம் வந்தது.

காக்கிச் சட்டையோடு வடிவு நாலு காலில் தவழ்ந்து வந்தாள். நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டி, ஒரு கையைப் புலி மாதிரித் தூக்கியிருந்தாள். அடியில் மணி அச்சாகியிருந்தது: பத்து பன்னிரண்டு. உலகம்மை சிரித்துவிட்டாள். சிரிப்போடே அழுகையும் வந்தது.

"அடுத்தது போடு" என்றார் குருநாதன்.

பத்து பதினேழு. வடிவு மர வேரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது.

பத்து இருபத்தி நாலு. முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தாள்.

பத்து முப்பத்தொன்று. குருநாதன் ஓடிய பக்கம் பார்த்து வாயைத் திறந்திருந்தாள். கூப்பிட்டிருக்கிறாள்.

பத்து நாற்பது. இடது தோளை வலது கையால் அமுக்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்து கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை.

பத்து ஐம்பத்தி மூன்று. வடிவு எழுந்து நின்றாள். சேலை மண்ணைத் தட்டிவிட்டிருந்தாள், முடியை ஒதுக்கிவிட்டிருந்தாள். வாய்கொள்ளாத சிரிப்போடு குடையை நீட்டிக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை மட்டும் தெரிந்தது.

தகரத்தில் மழை அடித்தது. உலகம்மைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எத்தனை பேரை இப்படி ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்திருக்கிறாள்.

"யப்பா... அம்மாக்கு அன்னைக்கே நெஞ்சுவலி வந்திருக்கு."

குருநாதனுக்கு அன்று நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திரும்பி வந்ததும், "கெடச்சுதா?" என்று வடிவு கேட்டாள். கிடைத்தது என்று இருவாச்சிப் படங்களை ஒவ்வொன்றாகப் பத்து நிமிஷம் காட்டினார். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று அவளும் பார்த்தாள். இறங்கும்போது, "கொஞ்சம் மெதுவா போவமா" என்றாள். முக்காலியை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தூரத்தில் பறக்கிற குருவியின் இறகில் பூச்சி இருந்தால் கண்டுபிடிக்கிற கண், பக்கத்தில் நின்றவளின் வேர்வையைப் பார்க்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள். சுவரில் தலையை முட்டிக்கொண்டார். மிக்கேல்தான் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, மணி ஒண்ண தாண்டிட்டு. பாலம் போயிரும்."

கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி உலகம்மை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள். பாலத்துக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போது தலைக்கு மேல் புஸ்புஸ்ஸென்று பெரிய இறக்கைச் சத்தம் கேட்டது. இரண்டு இருவாச்சிகள் மழைக்குள் தாழப் பறந்து போயின.

"அண்ணாச்சி, அந்தா" என்று கை நீட்டினான் மிக்கேல்.

குருநாதன் நிமிரவில்லை. அவர் பின்னால் திரும்பி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல என்னட்டி?"

"ஒண்ணுமில்லப்பா. வாங்க, நேரமாவுது."

"ஒக்காரு."

"யப்பா, பாலம்..."

"ஒக்காருன்னேன்."

பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தார். கணுக்கால் பந்து மாதிரி வீங்கி நீலம் பாரித்திருந்தது. பாலத்தில் பலகை உடைந்ததிலிருந்து இதோடுதான் மலை ஏறி இறங்கியிருக்கிறாள். தாயைப் போலவே வாயைத் திறக்காமல் வந்திருக்கிறாள். குருநாதன் கேமராப் பையைக் கழற்றி மிக்கேலிடம் கொடுத்தார். மகளை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"ஒங்களால முடியாதுப்பா."

"கழுத்தப் புடிச்சுக்கோ."

ஒற்றைச் செருப்போடு, இருபத்தி நாலு வயசுப் பெண்ணைச் சுமந்துகொண்டு, பலகை பலகையாகக் காலால் தட்டிப் பார்த்து அந்தப் பாலத்தைக் கடந்தார். அக்கரையில் ஏறி இருபது அடி வைத்திருக்கமாட்டார்கள். நட்டநடுவில் கம்பி அறுந்து, பாலம் பாம்பு மாதிரி நெளிந்து தண்ணீரோடு போயிற்று. மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டான்.

வாக்காளர் அட்டைப் படம் இறங்கிவிட்டது. சுவரில் இப்போது குடையை நீட்டிக்கொண்டு வடிவு சிரிக்கிறாள். அதன் பக்கத்திலேயே, சொந்தக்காரர்கள் முகம் சுளித்தாலும் சரியென்று, அவள் தவழ்ந்து வரும் படத்தையும் மாட்டினாள் உலகம்மை. கருஞ்சிறுத்தை கார்டிலேயே கிடக்கிறது. மகள் மதுரைக்குப் போனபிறகும் குருநாதன் தினமும் இரண்டு வேளை போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அவள் ஒன்றுமில்லை என்றால் விடுவதில்லை, இன்னொரு தடவை கேட்கிறார்.

போன வாரம் டிப்போவிலிருந்து வந்த ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, "நல்ல படம் அண்ணாச்சி. ஓரத்துல அந்தச் சட்டைக் கைய மட்டும் வெட்டிருக்கலாம். யாரு அது?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றார் குருநாதன். "அன்னைக்கு வாரதுக்கு லேட்டாயிட்டு."